வீட்டைச் சுத்தம் செய்ய எவ்வளவு கேட்கலாம்?

சென்னையில் டீப் கிளீனிங் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் ரேட் போடும் விதம் அநேகமாக ஒன்றுதான். ஏற்கெனவே தொழிலில் இருக்கும் நாலைந்து பேருக்கு போன் போட்டு, வீட்டுக்காரர் போலப் பேசி, "டூ பிஎச்கே-க்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். ஒருவர் 5,000 என்பார், இன்னொருவர் 4,500 என்பார். அதில் ஒரு 300 ரூபாயைக் குறைத்துத் தங்கள் ரேட்டாக வைத்துக்கொள்வார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஆட்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் போட நகை அடகுக்குப் போகும். வேலை இவ்வளவு இருந்தும் காசு எங்கே போகிறது என்று தெரியாமலே ஒரு வருடத்தில் கடையைக் கட்டியவர்கள் நிறைய.

அடுத்தவர் ரேட் நமக்குச் சொல்வது மிகக் குறைவு. அவர் சொந்த வீட்டுக் கார் ஷெட்டில் மெஷினை வைத்திருக்கலாம், வாடகை இல்லை. குடும்பத்தில் மூன்று பேர் சம்பளமில்லாமல் வேலை செய்யலாம். நஷ்டத்தில்கூட ஓடிக்கொண்டிருக்கலாம். பெரிய ஆப் நிறுவனங்களின் ரேட்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் மும்பையில் அர்பன் கம்பெனி வீட்டு வேலைக்கு ஒரு மணி நேரம் 49 ரூபாய் என்று அறிமுக விலை வைத்தது. 'இன்ஸ்டா மெய்ட்ஸ்' என்ற பெயருக்கு எதிர்ப்பு கிளம்பியதும் 'இன்ஸ்டா ஹெல்ப்' என்று மாற்றினார்கள். சந்தையைப் பிடிப்பதற்காக முதலீட்டுப் பணத்தைச் செலவழிக்கும் நிறுவனம் போடும் விலை அது. உங்கள் வாடகையும் உங்கள் ஆட்களின் சம்பளமும் அந்த விலையில் அடங்காது.

அதனால் கணக்கை உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். இந்தத் தொழிலில் நீங்கள் விற்பது சதுர அடி இல்லை, ஆளின் நேரம். ஓர் ஆள் வாடிக்கையாளர் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் வேலை செய்வதை 'ஓர் ஆள்-மணி' என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓர் ஆள்-மணிக்கு உங்களுக்கு என்ன அடக்கம் ஆகிறது என்பது தெரிந்துவிட்டால், மற்றதெல்லாம் பெருக்கல் கணக்குதான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மூன்று பேராக இரண்டு டீம். ஒவ்வொன்றிலும் ஒரு சூப்பர்வைசர், இரண்டு உதவியாளர்கள். சூப்பர்வைசருக்கு 20,000, உதவியாளருக்கு 16,000. ஆறு பேருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 1,04,000 ரூபாய்.

மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஆறு பேர். மொத்தம் 1,248 மணி. 1,04,000-ஐ 1,248-ஆல் வகுத்தால் மணிக்கு 83 ரூபாய் வருகிறது. பெரும்பாலானவர்கள் மனதுக்குள் போடும் கணக்கு இதுதான். அந்த 83 ரூபாயை நம்பி ரேட் சொல்வதுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

ஏனென்றால் அந்த 1,248 மணிக்கும் யாரும் உங்களுக்குக் காசு தருவதில்லை. காலையில் ஸ்டோர் ரூமில் மெஷின், பக்கெட், கெமிக்கல் எல்லாம் ஏற்ற அரை மணி. அம்பத்தூரிலிருந்து பெருங்குடி போய்ச் சேர ஒன்றரை மணி. கேட்டில் செக்யூரிட்டி டீமில் உள்ள ஒவ்வொருவரின் போட்டோ, போன் நம்பர் வாங்கி உள்ளே விடுவதற்குள் கால் மணி. சாப்பாடு, டீ. திரும்பி வருவது. எட்டு மணி நேரத்தில் வாடிக்கையாளர் வீட்டில் துடைப்பமும் பிரஷும் ஓடும் நேரம் சராசரியாக ஐந்து மணி வந்தால் பெரிது. அதோடு ஆளுக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, புக்கிங் இல்லாத நாள் ஒரு மூன்று. ஆக 22 நாள், ஐந்து மணி, ஆறு பேர். மிஞ்சுவது 660 ஆள்-மணி. சம்பளம் போடும் நேரத்தில் பாதிதான் விற்பனைக்கு வருகிறது.

சம்பளப் பக்கத்திலும் சேர்க்க வேண்டியவை உண்டு. தீபாவளி போனஸ் ஒரு மாதச் சம்பளம் என்றால் மாதத்துக்கு 8,667 ரூபாய் ஒதுக்க வேண்டும். டீ, டிபனுக்கு ஆளுக்கு நாளுக்கு 60 ரூபாய் என்றால் 9,360. எல்லாம் கூட்டினால் 1,22,000 ரூபாய். அதை 660-ஆல் வகுத்தால் 185 ரூபாய். 83 என்று நினைத்த இடத்தில் 185.

அடுத்து, ஆள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் போகும் செலவுகள். ஸ்டோர் ரூம் வாடகை 8,000. போன், விளம்பரம் 15,000. வண்டிகளின் தவணை, பெட்ரோல், ரிப்பேர் 18,000. வேக்குவம் கிளீனர், தரை தேய்க்கும் ஸ்கிரப்பர் போன்றவை மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியவை, அதற்கு மாதம் 4,000. கணக்கு எழுதுகிறவருக்கு 2,000. உடைந்த பொருளுக்கு இழப்பீடு, ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு 3,000. கடைசியாக உங்கள் சம்பளம் 35,000.

உங்கள் சம்பளத்தை எழுதும்போது பலருக்குக் கை நிற்கும். "லாபம் வந்தா அதுதானே என் சம்பளம்?" என்பார்கள். இல்லை. போன் எடுப்பது, வீடு பார்க்கப் போவது, புகார் வந்தால் ஓடுவது எல்லாம் வேலை. நாளைக்கு நீங்கள் படுத்துவிட்டால் அந்த வேலைக்கு ஒருவரை வைத்துச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்தத் தொகை செலவுக் கணக்கில் இருக்க வேண்டும். லாபம் என்பது அதற்கு மேல் தொழிலுக்கென்று நிற்பது. புது மெஷின் வாங்குவதும் மந்தமான மாதத்தைத் தாண்டுவதும் அதை வைத்துத்தான்.

மேலே சொன்னவை 85,000 ரூபாய். 660-ஆல் வகுத்தால் 129. ஆக ஓர் ஆள்-மணியின் அடக்க விலை 185-ம் 129-ம் சேர்ந்து 314 ரூபாய். இந்த எண்ணைப் பெரிதாக எழுதி மேஜைக்கு எதிரே ஒட்டிவைக்கலாம்.

இனி ஒரு வீடு. 900 சதுர அடி, காலியான டூ பிஎச்கே, இரண்டு பாத்ரூம், அளவான அழுக்கு. மூன்று பேர் நாலு மணி நேரத்தில் முடிப்பார்கள் என்றால் 12 ஆள்-மணி. 314 வீதம் 3,768 ரூபாய். கெமிக்கல், ஸ்கிரப் பேட், துணி, கையுறைக்கு 500. அடக்கம் 4,268.

இதில் 15 சதவீதம் லாபம் வேண்டும். இங்கே ஒரு சின்ன இடறல் இருக்கிறது. 4,268-க்கு மேல் 15 சதவீதம் சேர்த்தால் 4,908 வரும், ஆனால் வாங்கும் பணத்தில் அது 13 சதவீதம்தான். கையில் வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 15 நிற்க வேண்டும் என்றால் 4,268-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும். 5,021 வரும். 5,000 என்று வைத்துக்கொள்வோம்.

அதாவது இந்த வேலையில் லாபம் 732 ரூபாய். இந்த 732-ஐ மனதில் வைத்துக்கொண்டு டிஸ்கவுன்ட் கேட்கிறவரோடு பேசுங்கள். "ஒரு பத்து பர்சென்ட் குறைச்சுக்கோங்க" என்றால் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். 500 ரூபாய் போனால் மிஞ்சுவது 232. லாபத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே வார்த்தையில் போய்விடுகிறது. முழு ரேட்டில் ஒரு வீட்டில் கிடைத்த லாபத்தை எடுக்க, குறைத்த ரேட்டில் மூன்று வீட்டுக்கு மேல் செய்ய வேண்டும்.

குறைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. குறைப்பதென்றால் வேலையையும் சேர்த்துக் குறையுங்கள்.

"பக்கத்து பிளாக்ல 3,500-க்கு பண்ணிக் கொடுத்தாங்களாமே, நீங்க மட்டும் 5,000 சொல்றீங்க?"

"இருக்கலாம் சார். ஜன்னல் டிராக், பால்கனி, கிச்சன் கப்போர்டு உள்பக்கம் எல்லாம் சேர்த்துத்தான் நான் சொன்னது. அது மூணும் வேண்டாம்னா 4,000-க்கு முடிச்சுத் தரேன். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

இப்படிப் பேசினால் பலரும் யோசித்துவிட்டு முழு வேலையையே கேட்பார்கள். கேட்காவிட்டாலும் உங்கள் 314 ரூபாய் உங்களிடம் இருக்கிறது.

ஜன்னல் டிராக் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரேட் தப்பாகப் போவது இப்படிப்பட்ட இடங்களில்தான். அலுமினியமோ யுபிவிசியோ, தள்ளித் திறக்கும் ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் மூன்று பள்ளங்கள் ஓடும். அதில் ரோட்டுப் புழுதியும் மழைத்தண்ணீரும் சேர்ந்து இறுகிப்போயிருக்கும். மூலையில் செத்த பூச்சி, புறாவின் சிறகு. ஈரத்துணியால் துடைத்தால் சேறாகிப் பரவும். முதலில் பெயின்ட் பிரஷால் உலர்வாகக் கிளறி, வேக்குவத்தின் ஒடுங்கிய முனையால் உறிஞ்சி, பிறகு கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, கடைசியில் துணியை ஸ்குரூ டிரைவர் நுனியில் சுற்றி மூலைகளை எடுக்க வேண்டும். ஒரு ஜன்னலுக்குக் கால் மணி நேரம் ஆகும். பத்து ஜன்னல் என்றால் இரண்டரை ஆள்-மணி, 785 ரூபாய். அந்த வீட்டின் மொத்த லாபமே 732. ரேட் சொல்லும்போது ஜன்னல்களை எண்ணாமல் விட்டால் அந்த வீட்டில் நீங்கள் கைக்காசு போட்டு வேலை செய்கிறீர்கள்.

இதனால்தான் வீட்டைப் பார்க்காமல் ரேட் சொல்லக் கூடாது என்பது. நேரில் போக முடியாவிட்டால் வாட்ஸ்அப் வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். ஹாலைப் பார்த்துப் பயனில்லை, ஹால் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அடுப்புக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன், சிம்னியின் மேல்பக்கம், கிச்சன் கப்போர்டின் தலைப்பகுதி, பாத்ரூமில் குழாய்க்குக் கீழே உள்ள டைல்ஸ், பால்கனியில் ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் புறா எச்சம். இவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

சென்னையின் தெற்குப் புறநகரில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஓடும் அபார்ட்மென்ட்களில் உப்புக் கறைதான் நேரத்தை விழுங்கும். ஷவர் கண்ணாடிக் கதவு பால் ஊற்றியதுபோல வெளுத்திருக்கும். இரண்டு வருடக் கறை ஒரே தேய்ப்பில் போகாது. கெமிக்கலை ஊற்றி ஊறவிட்டு, தேய்த்து, மறுபடி ஊறவிட வேண்டும். ரேட்டை அடிமட்டத்துக்குக் குறைத்தவர்களுக்கு அந்த நேரம் இருக்காது. அப்போது கை ஆசிட் பாட்டிலுக்குப் போகும். மலிவு, பத்து நிமிடத்தில் டைல்ஸ் பளிச்சென்று ஆகும். கூடவே குழாயின் குரோம் பூச்சு கருக்கும், டைல்ஸ் இடுக்குச் சிமென்ட் அரிக்கும், மார்பிள் இருந்தால் அதன் மெருகு போய்விடும். அதே பாத்ரூமில் யாராவது பிளீச்சிங் பவுடரையும் போட்டுவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சின்னதான பாத்ரூமில் குனிந்து தேய்க்கும் பெண்ணின் நுரையீரலுக்குள் அது போகும். 3,500 ரூபாய் ரேட்டின் மீதி 1,500-ஐ அவர் உடம்பிலிருந்து எடுக்கிற வேலை இது. எவ்வளவு போட்டி வந்தாலும் இந்த வழியில் விலையைக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆள் குடியிருக்கும் வீடு, காலி வீடு என்ற வித்தியாசமும் பெரிது. குடியிருக்கும் வீட்டில் கட்டிலை நகர்த்த வேண்டும், பாத்திரங்களை இறக்கி ஏற்ற வேண்டும், நடுவில் பாட்டி பூஜை முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். காலி வீட்டு நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளலாம். இன்டீரியர் வேலை முடிந்த புது வீடு இன்னும் கடினம். பெயின்ட் துளி, சிமென்ட் கறை, கண்ணாடியில் ஸ்டிக்கர் பசை, எல்லாவற்றுக்கும் மேல் பிளைவுட் தூள். துடைத்துவிட்டு வந்தால் மறுநாள் மேலிருந்து மறுபடி இறங்கியிருக்கும். கிரகப்பிரவேசத் தேதி நெருங்கியிருப்பதால் அவர்கள் அவசரத்தில் இருப்பார்கள், நீங்களும் அவசரத்தில் ரேட் சொல்லிவிடாதீர்கள். இரண்டு மடங்கு நேரம் என்று கணக்குப் போட்டால்தான் கட்டுப்படியாகும்.

"சதுர அடிக்கு எவ்வளவு?" என்று கேட்பவருக்கு ஒரு தோராயமான எண் சொல்லலாம், தவறில்லை. ஆனால் பில் அந்த எண்ணில் போகக் கூடாது. 1,200 சதுர அடியில் மூன்று பாத்ரூம் உள்ள வீடும் இரண்டு பாத்ரூம் உள்ள வீடும் ஒன்றல்ல. "ஒரு பாத்ரூம் மட்டும் பண்ணணும்" என்பவருக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று இருக்க வேண்டும். இரண்டு பேரின் அரை நாள் அதற்குப் போய்விடுகிறது. விற்கக்கூடிய நேரத்தில் அது ஐந்து ஆள்-மணி, 1,570 ரூபாய். அதற்குக் கீழே வண்டியை எடுத்தால் நஷ்டம்தான்.

ஜிஎஸ்டி பற்றிப் பலரும் பயந்து ஒதுங்குகிறார்கள். சேவைத் தொழிலில் வருட விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நம் உதாரணத்தில் 660 ஆள்-மணியை 12 மணி வேலைகளாக எண்ணினால் மாதம் 55 வீடு, 2,75,000 ரூபாய், வருடத்துக்கு 33 லட்சம். ஆக இரண்டு டீம் வைத்த உடனேயே வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள். சுத்தம் செய்யும் சேவைக்கு வரி 18 சதவீதம். 5,000-க்கு மேல் 900 போட்டு 5,900 வாங்க வேண்டும். "எல்லாம் சேர்த்து 5,000" என்று சொல்லிவிட்டால் வரி போக உங்களுக்கு வருவது 4,237 ரூபாய். அடக்கமோ 4,268. ஒவ்வொரு வீட்டுக்கும் 31 ரூபாய் நஷ்டம்.

இதற்கு இன்னொரு வழி காம்போசிஷன் திட்டம். முந்தைய நிதியாண்டின் விற்றுமுதல் 50 லட்சத்துக்குள் இருந்த சேவைத் தொழில்கள் அதில் சேர்ந்து மொத்த வரவில் 6 சதவீதம் கட்டினால் போதும். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது, மெஷினுக்கும் கெமிக்கலுக்கும் கட்டிய வரியைக் கழிக்க முடியாது, வெளி மாநிலத்தில் வேலை எடுக்க முடியாது, ஆப் வழியாக விற்பதற்கும் தடை உண்டு. வீடுகளை மட்டுமே நம்பி நடக்கும் சின்ன நிறுவனத்துக்கு இது பொருந்தி வரலாம். 4,268-ஐ, லாபம் 15-ம் வரி 6-ம் போக மிஞ்சும் 0.79-ஆல் வகுத்தால் 5,402. வீட்டுக்காரர் 5,900-க்குப் பதில் 5,400 தருகிறார், உங்கள் லாபமும் குறையவில்லை. அலுவலகங்களை வாடிக்கையாளராகப் பிடிக்க நினைத்தால் சாதாரணப் பதிவே நல்லது, ஏனென்றால் அவர்கள் வரியைக் கழித்துக்கொள்ள விரும்புவார்கள். ஒருமுறை ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

ஆட்கள் பத்துப் பேரை எட்டினால் இஎஸ்ஐ வரும். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம். 16,000 சம்பளத்துக்கு 520 ரூபாய். ஏணியில் ஏறி ஃபேன் துடைக்கிறவருக்கு மருத்துவப் பாதுகாப்பு அதில் கிடைக்கிறது. எட்டாவது ஆளைச் சேர்க்கும்போதே ரேட்டில் அதற்கு இடம் வைத்துவிடலாம்.

இந்தக் கணக்கு முழுவதும் மாதம் 22 நாள் புக்கிங் என்பதில் நிற்கிறது. அது 18 நாளாகக் குறைந்தால்? 45 வீடு, வரவு 2,25,000. சம்பளமும் மற்றச் செலவும் அப்படியே 2,07,000, கெமிக்கல் 22,500. மொத்தச் செலவு 2,29,500. நாலு நாள் புக்கிங் போனதில் 40,000 ரூபாய் லாபம் 4,500 நஷ்டமாக மாறிவிட்டது. ஆகவே காலி நாட்களை நிரப்புவதற்குச் செலவு செய்வது வீண் இல்லை. டிஸ்கவுன்ட் தருவதானால் அங்கே தாருங்கள். செவ்வாய், புதன் கிழமைகளில், ஆடியிலும் மார்கழியின் முன்பாதியிலும். புது வீடு புகுவதும் வீடு மாறுவதும் அப்போது குறைவு. தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம், பொங்கலுக்கு முந்தின வாரம், எந்த மாதமானாலும் ஞாயிற்றுக்கிழமை, இவற்றுக்கு டிஸ்கவுன்ட் தேவையே இல்லை. அந்த நாட்களில் ரேட் கொஞ்சம் கூடினால் ஆட்களுக்கும் நாள் கூலியில் கூடுதல் கொடுங்கள், அவர்களும் பண்டிகை வீட்டு வேலையை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வருட ஒப்பந்தம் போடும் வீட்டுக்கு ரேட்டைக் குறைக்கலாம். விளம்பரச் செலவு மிச்சம், அழுக்கும் ஏறியிருக்காது, 12 ஆள்-மணி வேலை ஒன்பதில் முடியும்.

வருடம் ஒருமுறை, ஏப்ரலில், 314-ஐ மறுபடி போட்டுப் பாருங்கள். சம்பளம் கூட்டினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற பயத்தில்தான் பலர் ஆட்களுக்குக் கூட்டாமல் இழுத்தடிக்கிறார்கள், நல்ல கைகள் வேறிடம் போய்விடுகின்றன. கணக்கைப் பாருங்கள். ஆறு பேருக்கும் மாதம் 1,000 ரூபாய் கூட்டினால் போனஸோடு 6,500 ஆகிறது. 660-ஆல் வகுத்தால் ஓர் ஆள்-மணிக்கு 10 ரூபாய். டூ பிஎச்கே வீட்டுக்கு 120. லாபமும் 6 சதவீத வரியும் சேர்த்தால் வீட்டுக்காரருக்குக் கூடுவது 150 ரூபாய். "ஏப்ரல் முதல் எங்கள் ஆட்களுக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறோம், டூ பிஎச்கே கட்டணம் 5,400-லிருந்து 5,550 ஆகிறது" என்று பழைய வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் மார்ச்சிலேயே ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள்.